புது வண்டி ஆயில் குடிக்கிறதா? ரன்னிங்-இன் காலத்து எஞ்சின் ஆயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக் கார் எடுத்து ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர், ஏதோ நினைப்பில் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறார். மேக்ஸ் கோட்டில் இருந்த ஆயில் பாதிக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கீழே பல எண்கள் வரும். அவற்றை மறந்தாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள்: குடிக்கும் அளவு ஓட ஓடக் குறைகிறதா, இல்லையா?

புது எஞ்சினில் ஆயில் குறையுமா? ஷோரூமில் "முதல் சர்வீஸ் வரைக்கும் எதுவும் பார்க்க வேண்டாம் சார்" என்றார்களே?

குறையும். எஞ்சின் ஓடும்போது சிலிண்டர் சுவரில் மெல்லிய ஆயில் படலம் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் சுவரோடு பிடித்து எஞ்சின் சீஸ் ஆகிவிடும். அந்தப் படலத்தில் துளியூண்டு, எரிபொருளோடு சேர்ந்து எரியத்தான் செய்கிறது. பழகிய நல்ல எஞ்சினில் இது அடுத்த சர்வீஸ் வரை கண்ணில் படாத அளவு. புது எஞ்சினில் கண்ணில் படலாம்.

இதை கம்பெனிகளே ஒப்புக்கொள்கின்றன. ரன்னிங்-இன் காலத்தில் (பாகங்கள் ஒன்றோடொன்று படிந்து பழகும் ஆரம்ப ஓட்டத்தில்) புது எஞ்சின் கூடுதலாக ஆயில் எடுக்கலாம் என்று ஹூண்டாய் ஓனர் மேனுவலில் இருக்கிறது. முதல் 5,000 கி.மீ. வரை வழக்கத்தைவிடக் கூடலாம் என்பது ஸ்கோடா மேனுவல். டெலிவரி கொடுப்பவர் வாயால் சொன்னதை விட டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கும் அந்தப் புத்தகத்தை நம்புவது நல்லது. நாம்தான் அதை பிளாஸ்டிக் உறையோடு அப்படியே விட்டுவிடுகிறோம்.

எதனால் இப்படி? புதுசு என்றால் எல்லாம் இறுக்கமாகத்தானே இருக்க வேண்டும்?

பிஸ்டனைச் சுற்றிப் பொதுவாக மூன்று ரிங் இருக்கும். மேலே உள்ள இரண்டும் கம்ப்ரெஷன் ரிங். எரியும் வாயுவின் அழுத்தம் கீழே தப்பாமல் பிடிப்பது அவற்றின் வேலை. மூன்றாவது ஆயில் ரிங். சுவரில் தெறிக்கும் ஆயிலை வழித்து, தேவையான படலத்தை மட்டும் விட்டு, மிச்சத்தைக் கீழே உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கே அனுப்புவது அது.

சிலிண்டர் சுவரை ஃபேக்டரியில் வழவழப்பாக விடுவதில்லை. ஹோனிங் கல்லைக் கொடுத்துக் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கீறல் போடுகிறார்கள். ஆயில் தங்குவதற்கு அந்தக் கீறல்கள் வேண்டும். புதிதாகக் கொத்திய அம்மி போலத்தான் இதுவும்: முகடுகள் முதலில் கூராக இருக்கும், அரைக்க அரைக்க மழுங்கிப் படியும். அதுவரை ரிங்கும் சுவரும் அந்த முகடுகளில் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. தொடாத இடைவெளி வழியாக ஆயில் மேலே ஏறி எரிகிறது. அதே வழியாக எரிந்த வாயுவும் கொஞ்சம் கீழே இறங்குகிறது. மெக்கானிக்குகள் ப்ளோ-பை என்று சொல்வது அதைத்தான். இறங்கிய வாயு, எஞ்சினின் கீழ்ப்பகுதியான கிராங்க்கேஸில் இருக்கும் ஆயில் ஆவியை அள்ளிக்கொண்டு, அந்த வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. ஹோஸ் வழியாக மறுபடி, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போய் எரிகிறது. ஆக, ரிங் படியாத எஞ்சினில் ஆயில் இரண்டு வழியில் போகிறது. ரிங் படிந்ததும் இரண்டுமே குறையும்.

இப்போது பல கம்பெனிகள் அந்த முகடுகளை ஃபேக்டரியிலேயே சீவிவிடுகின்றன. பிளாட்டோ ஹோனிங் என்பார்கள். அம்பாஸடர், பிரீமியர் பத்மினி காலத்தில் ரன்னிங்-இன் என்பது பெரிய விரதமாக இருந்ததும், இன்று அதன் கெடுபிடி குறைந்ததும் இதனால்தான். ஆனால் மறுபக்கம் ஒன்று நடந்திருக்கிறது. மைலேஜுக்காக ரிங்குகளின் இறுக்கத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஆயிலும் தண்ணீர் மாதிரி மெலிந்துவிட்டது. கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றிய தலைமுறைக்கு, இன்றைய மாருதி பெட்ரோல் கார்கள் சிலவற்றில் ஊற்றும் 0டபிள்யூ-16 ஆயிலைப் பார்த்தால் நம்பிக்கையே வராது. உராய்வு குறைந்தது லாபம். ஆயிலைக் கட்டுப்படுத்த இருந்த தாராளம் போனது நஷ்டம்.

வால்வ் தண்டைச் சுற்றி ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் ஸ்டெம் சீல் வழியாகவும், டர்போ இருந்தால் அதன் ஷாஃப்ட் வழியாகவும் ஆயில் போகலாம். ஆனால் அங்கே படிவதற்கு எதுவும் இல்லை. அந்தக் கோளாறு ஓட ஓடச் சரியாகாது. குறைகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு வரை சரி?

கம்பெனிகள் சொல்லும் உச்சவரம்பு கேட்டால் மயக்கமே வரும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா மேனுவல்களில் 1,000 கி.மீ.க்கு 0.5 லிட்டர் வரை. டொயோட்டாவின் பல மேனுவல்களில் 1,000 கி.மீ.க்கு 1 லிட்டர் வரை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2,000 மைலுக்கு ஒரு குவார்ட் என்கிறது. நம் கணக்கில் சுமார் 3,200 கி.மீ.க்கு 0.95 லிட்டர்.

இவை வாரன்டிச் சண்டையில் கம்பெனி நிற்கும் கோடுகள். எஞ்சின் நலமா என்று பார்க்க இவை உதவாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4 லிட்டர் ஆயில் பிடிக்கும் எஞ்சின், 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் குடித்தால், 10,000 கி.மீ. சர்வீஸ் வருவதற்குள் 5 லிட்டர் போயிருக்கும். இருந்ததைவிட அதிகம்! பெரும்பாலான கார்களில் டிப்ஸ்டிக்கின் மினிமம், மேக்ஸ் கோடுகளுக்கு இடையே ஏறக்குறைய 1 லிட்டர்தான். அந்த வேகத்தில் 2,000 கி.மீ.யில் மினிமத்தைத் தொட்டுவிடும். "லிமிட்டுக்குள்தான் இருக்கு" என்று சர்வீஸ் சென்டர் சொன்னதை நம்பி டாப்-அப் செய்யாமல் விட்ட வண்டி, லிமிட்டுக்குள் இருந்தபடியே எஞ்சினைத் தொலைக்கும்.

என் அளவுகோலைச் சொல்கிறேன். இது மேனுவலில் இருக்காது. முதல் 2,000 கி.மீ.யில் ஆயிரத்துக்கு 200, 300 மி.லி. போனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 5,000 தாண்டும்போது அது 100 மி.லி. பக்கம் இறங்கியிருந்தால் எஞ்சின் படிந்துவிட்டது. 7,000, 8,000-க்குப் பிறகும் அதே 300 என்றால் எழுத்தில் புகார் கொடுங்கள். 150-இல் ஆரம்பித்து 300-க்கு ஏறியிருந்தால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

சரியாக எப்படி அளப்பது?

முக்கால்வாசிப் பயம் தப்பாக அளப்பதால் வருகிறது. வீட்டு வாசல் சாய்தளத்தில் நிறுத்தி அளப்பார்கள். அல்லது எஞ்சினை அணைத்த மறுநொடியே உருவுவார்கள். மேலே போன ஆயில் இன்னும் சம்ப்புக்குத் திரும்பியிருக்காது. நேற்று சூட்டில் பார்த்துவிட்டு இன்று காலை குளிர்ந்த எஞ்சினில் பார்த்தால் இரண்டும் வேறுவேறு காட்டும்.

எஞ்சின் சூடேறும்வரை ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, அணைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி, எடுத்துப் பாருங்கள். முதல் முறை உருவியதை நம்பவே கூடாது. சில கம்பெனிகள் குளிர்ந்த எஞ்சினில் பார்க்கச் சொல்லும்; அப்படி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். எந்த முறையானாலும் ஒவ்வொரு தடவையும் அதே முறை, முடிந்தால் அதே இடம்.

கோட்டைப் பார்த்து "பாதி, முக்கால்" என்று ஊகிப்பதை விட, மேக்ஸுக்குக் கொண்டுவர எவ்வளவு ஊற்றினோம் என்று அளப்பது துல்லியம். மி.லி. கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் கோப்பை போதும். ஓடோமீட்டர் எண், ஊற்றிய அளவு, தேதி. மூன்றையும் மொபைலில் குறித்து வையுங்கள். 1,200 கி.மீ.யில் 300 மி.லி. ஊற்றியிருந்தால் ஆயிரத்துக்கு 250. அடுத்த 1,500 கி.மீ.யில் 180 மி.லி. என்றால் ஆயிரத்துக்கு 120. இந்த வண்டி நல்ல வண்டி. ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு யாராலும், கம்பெனி எஞ்சினியராலும்கூட, எதையும் சொல்ல முடியாது.

பி.எம்.டபிள்யூ. போன்றவற்றின் பல மாடல்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. திரையில் காட்டும் சென்சார் அளவுதான். அங்கேயும் ஊற்றிய கணக்கை எழுதிவைப்பதற்குத் தடையில்லை.

டெலிவரி எடுக்கும் அன்றே ஆயில் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். மாலை போட்டு, சாவி வாங்கி, போட்டோ எடுக்கும் சந்தடியில் இதை யாரும் செய்வதில்லை. ஃபேக்டரியிலிருந்து எல்லா வண்டியும் மிகச் சரியாக மேக்ஸ் கோட்டில்தான் வரும் என்று சொல்ல முடியாது. முக்கால் அளவில் வந்த வண்டியை ஆயிரம் கி.மீ. கழித்துப் பார்த்துவிட்டு "கால்வாசி குடித்துவிட்டது" என்று அலறுவதில் அர்த்தமில்லை. முதல் நாள் டிப்ஸ்டிக்கை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆயில் குறையவே இல்லை, சற்று ஏறியிருக்கிறது. அதிர்ஷ்டமா?

அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஆயிலில் பெட்ரோலோ டீசலோ கலந்திருக்கலாம்.

தினமும் நான்கைந்து கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. சரியாக எரியாத பெட்ரோல் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு சேரும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் எஞ்சின்களில் இது அதிகம். பிஎஸ்6 டீசல் கார்களில், புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டி.பி.எஃப். தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கூடுதல் டீசல் செலுத்தப்படும். சுத்தம் முடிவதற்குள் எஞ்சினைத் திரும்பத் திரும்ப அணைத்தால் அதில் ஒரு பங்கு ஆயிலில் சேரும்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. இரண்டு மாதம் ஊருக்குள் ஓட்டும்போது ஆயில் எரிந்த அளவுக்கு எரிபொருள் கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் அசையாமல் நிற்கும். பிறகு ஒரு நாள் சென்னையிலிருந்து மதுரைக்கு நெடுஞ்சாலையில் போவீர்கள். சூட்டில் கலந்ததெல்லாம் ஆவியாகி, மட்டம் ஒரே பயணத்தில் சரிந்திருக்கும். "ஒரே ட்ரிப்பில் அரை லிட்டர் போச்சு" என்ற புலம்பல்களில் பல இந்த வகை. போனது பல வாரத்துக் கணக்கு. மட்டம் மேக்ஸுக்கு மேல் தெளிவாக ஏறி, ஆயிலில் பெட்ரோல் அல்லது டீசல் வாடையும் அடித்தால் சர்வீஸ் சென்டரில் காட்டி மாற்றுவதுதான் வழி.

ரன்னிங்-இன்னில் எப்படி ஓட்டினால் ஆயில் குடிப்பது சீக்கிரம் நிற்கும்?

"அறுபதைத் தாண்டாதே, பூப்போல ஓட்டு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பாதி சரி. எஞ்சினைக் கதறவிடக் கூடாது என்பது சரி. ஆனால் பாரமே கொடுக்காமல் ஓட்டினால் ரிங் படியாது. காரணம் ரிங்கின் அமைப்பிலேயே இருக்கிறது: மேல் ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த இழுவிசை மட்டும் இல்லை, எரியும் வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதுதான் அந்த அழுத்தம் உண்டாகும். முகடுகள் தேய்வதற்கு முன் நாள்கணக்கில் ஐடிலிலும் இலகுவான ஓட்டத்திலும் வைத்தால், சுவரில் பளபளப்பான படிவு பூசிக்கொண்டு ரிங் படிவதே தடைபடும். லோடு இல்லாமல் டீசல் ஜெனரேட்டரை மணிக்கணக்கில் ஓட்டாதே என்று ஆபரேட்டர்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

கம்பெனி விதிகளும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கின்றன. ஹூண்டாய் முதல் 1,000 கி.மீ.க்கு 2,000 முதல் 4,000 ஆர்.பி.எம். வரை வைத்துக்கொள்ளச் சொல்கிறது, ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதே என்றும் சொல்கிறது. சுஸுகியில் அந்தக் காலம் 960 கி.மீ. (600 மைலை மாற்றியதால் வந்த விநோத எண்.) ஃபோக்ஸ்வாகன் முதல் 1,000 கி.மீ.க்கு எஞ்சினின் உச்ச ஆர்.பி.எம்.மில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாதே, 1,500 வரை படிப்படியாக ஏற்று என்கிறது. பி.எம்.டபிள்யூ.வுக்கு 2,000 கி.மீ.

நடைமுறையில்: எஞ்சின் சூடேறும்வரை மெதுவாக. சூடேறிய பின் மூன்றாம், நான்காம் கியரில் பாதி ஆக்ஸிலரேட்டர் கொடுத்து வேகம் எடுப்பது, காலை எடுத்துவிட்டு எஞ்சினே வேகத்தைக் குறைக்க விடுவது, மறுபடி எடுப்பது. ஏற்ற இறக்கம் உள்ள சாதாரணச் சாலை இதற்கு அருமையான இடம். நெடுஞ்சாலையில் க்ரூஸ் கண்ட்ரோலை நூறில் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது முதல் ஆயிரத்தில் வேண்டாம். ஆர்.பி.எம்.மைத் தாழ்வாக வைத்து டாப் கியரில் திணறத் திணற இழுப்பதும் கெடுதல்.

முதல் ஆயிலை 1,000 கி.மீ.யிலேயே மாற்றிவிடலாமா?

தேய்ந்த முகடுகளின் இரும்புத் துகள் ஆயிலில் இருக்கும். ஃபில்டர் பெரும்பகுதியைப் பிடிக்கும். மாருதியின் முதல் இலவச சர்வீஸ் 1,000 கி.மீ.யில் வந்தாலும் அது பரிசோதனைதான்; ஆயில் மாற்றம் 10,000-இல். ஃபேக்டரி ஆயிலை முன்கூட்டி மாற்றாதே என்று ஹோண்டா மேனுவல்கள் சொல்கின்றன. சொந்த ஆசைக்கு 5,000-இல் மாற்றினால் பணத்தைத் தவிர வேறு நஷ்டமில்லை, மேனுவலில் உள்ள அதே கிரேடு ஊற்றி பில்லையும் வைத்திருந்தால்.

டாப்-அப்புக்கு எந்த ஆயில்? கெட்டி ஆயில் ஊற்றினால் குடிப்பது நிற்குமா?

மேனுவலில் உள்ள கிரேடும் தரக்குறியும் பொருந்தினால் எந்த பிராண்டும் சரி. இரண்டு பிராண்ட் கலந்தால் எஞ்சின் கெட்டுவிடாது.

கெட்டி ஆயில் யோசனையை ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். ஒரு லட்சம் தாண்டிய பழைய வண்டிக்கு அது ஒரு சமாளிப்பு. வாரன்டியில் இருக்கும் புது எஞ்சினில், 0டபிள்யூ-20 கேட்கும் இடத்தில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், வால்வ் டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் நகர்த்தும் பாகங்கள் தடுமாறும், வாரன்டி கேட்டுப் போகும்போது முதல் சாக்கும் அதுவாகவே இருக்கும். குடிப்பதை நிறுத்துவதாகச் சொல்லும் சேர்மானப் புட்டிகளும் புது வண்டிக்கு வேண்டாம்.

ஆயில் இரண்டே வாரத்தில் கறுத்துவிட்டது. எரிகிறது என்று அர்த்தமா?

டீசல் என்றால் அது புகைக்கரி. மாற்றி ஐம்பது கி.மீ.யிலேயே கறுக்கும். நிறத்துக்கும் குறைவதற்கும் சம்பந்தமில்லை.

புகை வரவில்லையே, பிறகு ஆயில் எங்கே போகிறது?

ஆயிரம் கி.மீ.க்கு 200, 300 மி.லி. எரிந்தால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் புகை வராது; மிச்சத்தைக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் எரித்துவிடும். நீலப் புகை தெரிந்தால் விஷயம் பெரிது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல் மீது சந்தேகம். மலைச் சரிவில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது வந்தால் ரிங்கையும் பார்க்க வேண்டும். குளிர்ந்த காலையில் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி.

முதல் சில நாள் வரும் கருகல் வாசனை, சைலென்சர் குழாய்களில் பூசிய எண்ணெயும் மெழுகும் சூடாவதால். தானே போய்விடும். வண்டிக்கடியில் சொட்டியிருந்தால் விரலில் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஏசி தண்ணீராக இருக்கும்.

டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு வந்தால் டாப்-அப் செய்தால் போதும்தானே?

அந்த விளக்கு ஆயில் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. எரியும் நொடியில் பேரிங்குகளுக்கு ஆயில் போகவில்லை. பக்கத்து பங்க் வரைகூட ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி அணையுங்கள். மஞ்சள் விளக்கு வேறு; அது உள்ள வண்டிகளில் அளவு குறைந்ததைச் சொல்லும்.

8,000 கி.மீ. ஆகிவிட்டது, இன்னும் குடிக்கிறது. சர்வீஸ் சென்டரில் "நார்மல் சார்" என்கிறார்கள். என்ன செய்வது?

"நார்மல்" என்று சொல்லிப் பிறகு பெரிய கம்பெனிகளே இறங்கி வந்த கதைகள் இருக்கின்றன. டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ எஞ்சின் அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரையான கேம்ரி போன்ற வண்டிகளில் ஆயில் குடித்துப் பேர் கெட்டது. கடைசியில் பிஸ்டன், ரிங்குகளுக்கு 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் வரை நீட்டித்த வாரன்டி கொடுத்தார்கள். சுபாரு மீது நடந்த கூட்டு வழக்கு 2016-இல் சமரசமாகி, 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் வாரன்டியில் முடிந்தது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2015-இல், 2010 முதல் 2014 வரையான மாடல்களில் ஏறக்குறைய 5 லட்சம் வண்டிகளின் உரிமையாளர் தகவலைத் திரட்டியபோது, பெரும்பாலான எஞ்சின்களில் இப்படிப் பிரச்சினை இல்லை, ஆடி, பி.எம்.டபிள்யூ., சுபாருவின் குறிப்பிட்ட சில எஞ்சின்களில்தான் புகார் குவிந்திருந்தது. எல்லாப் புது வண்டியும் இப்படித்தான் என்ற சமாதானம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

கவுண்டரில் வாக்குவாதம் செய்து பயனில்லை. ஆயில் கன்ஸம்ப்ஷன் டெஸ்ட் வேண்டும் என்று கேளுங்கள், ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அவர்களே மேக்ஸுக்கு ஆயில் நிரப்பி, மூடிக்கும் ட்ரெயின் போல்ட்டுக்கும் சீல் வைத்து அனுப்புவார்கள். குறிப்பிட்ட தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தால் குறைந்த அளவை எடுப்பார்கள். டொயோட்டா அந்தப் பிரச்சினையில் செய்ததும் இதே சோதனைதான்: 1,200 மைலில் ஒரு குவார்ட் போனால் பிஸ்டன் மாற்றம். இடையில் மினிமத்துக்கு வந்தால் சீலைக் காப்பாற்ற நினைத்து ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள், அவர்களிடமே கொண்டுபோங்கள்.

உங்கள் மொபைலில் உள்ள கணக்கு இங்கேதான் கைகொடுக்கும். டாப்-அப் பில், தேதி, கி.மீ. எல்லாம் சேர்த்து கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

ஹைபிரிட் காருக்கும் இதே கி.மீ. கணக்குதானா?

இல்லை. ஊருக்குள் ஓடும்போது ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் (மின் மோட்டாரால் மட்டுமேயும் ஓடக்கூடிய வகை) எஞ்சின் பாதி நேரம் அணைந்தே இருக்கும். ஓடோமீட்டர் 5,000 காட்டினாலும் எஞ்சின் அவ்வளவு ஓடியிருக்காது; ரிங் படியவும் அதற்கேற்பக் கூடுதல் தூரம் ஆகும்.

குறையும் என்று பயந்து மேக்ஸுக்கு மேலேயே ஊற்றிவிட்டேன். பரவாயில்லையா?

கோட்டுக்கு மேல் ஓரிரு மி.மீ. என்றால் விடுங்கள். அரை லிட்டர் அதிகம் என்றால் ஓட்டாதீர்கள். சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையை ஆயில் பம்ப்பால் சரியாகத் தள்ள முடியாது. மேலே ஏறும் மிகையான ஆயில் பி.சி.வி. வழியாகப் போய் எரிந்து, கன்வர்ட்டரையும் அழுக்காக்கும். டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஒரு சின்ன ஹேண்ட் பம்ப்பை விட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம். அதற்கு எந்த ஒர்க்‌ஷாப்பிலும் பத்து நிமிடம்தான் ஆகும். இனி ஊற்றும்போது 200 மி.லி. ஊற்றி, சில நிமிடம் விட்டு, பார்த்துவிட்டு அடுத்த 200 ஊற்றுங்கள்.